வலிக்குச் சாட்சி யார்?

மருந்துப் பரிசோதனைக்கு அனுமதி தரும் குழுவில் டாக்டர்கள் மட்டும் இருந்தால் போதாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் விதி. சட்டம் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். மருத்துவத்தோடு சம்பந்தமில்லாத பொதுமனிதர் ஒருவர் வேண்டும். சமூகவியலோ தத்துவமோ சமயமோ படித்த ஒருவரும் வேண்டும். ஓய்வுபெற்ற பிறகு ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் எத்திக்ஸ் கமிட்டியில் அந்தக் கடைசி நாற்காலி எனக்குக் கிடைத்தது. ஆயுள் முழுக்க சைவ சித்தாந்தம் நடத்தியவன் நான். பல்லைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது போகிற காலத்தில் பாடாய்ப் படுத்தும் என்பதுதான். அதனால் பெரும்பாலான கூட்டங்களில் எனக்கு வேலை இருக்காது. போண்டாவும் காபியும் வரும், கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவேன்.

குழந்தைகள் பிரிவில் மேற்படிப்புப் படிக்கும் ஒரு மாணவியின் ஆய்வுத் திட்டம் அப்படிக் கையெழுத்துப் போட விடவில்லை. ஊசி போடுவதற்கு முன் அண்ணத்தில் தடவுகிற ஒரு மரப்பு ஜெல்லின் ‘பயனும் பாதுகாப்பும்’ என்று தலைப்பு. ஆறு முதல் பத்து வயது வரையிலான 60 குழந்தைகள். 30 பேருக்கு மருந்து உள்ள ஜெல், 30 பேருக்கு அதே நிறம், அதே ஸ்ட்ராபெர்ரி வாசனை, ஆனால் மருந்து இல்லாத ஜெல். தடவுகிற டாக்டருக்கும் எது எதுவென்று தெரியாது. ஊசி போட்ட பிறகு எவ்வளவு வலித்தது என்று குழந்தை சொல்ல வேண்டும்.

அண்ணத்து ஊசி பொல்லாதது. மேல்வரிசைக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டுமானால் கன்னப் பக்கம் ஒன்று, அண்ணத்துப் பக்கம் ஒன்று என்று பெரும்பாலும் இரண்டு இடத்தில் மரக்க வைக்க வேண்டியிருக்கும். கன்னப் பக்கம் சதை நெகிழ்ந்து கொடுக்கும். அண்ணத்தில் தோல் எலும்போடு இறுக ஒட்டிக் கிடப்பதால் மருந்து பரவ இடமில்லை. ஊசி குத்துவதைவிட உள்ளே மருந்து அழுத்துவதுதான் அதிகம் வலிக்கும். மேலே தடவும் ஜெல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்குத்தான் மரக்க வைக்கும், தடித்த அண்ணத்தோலில் அதுவும் நிச்சயமில்லை. புதுசாக ஒன்று வந்தால் அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டியதுதான். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

வேலை செய்கிறது என்று யார் சொல்வது, எதைக் கொண்டு சொல்வது என்பதில்தான் சிக்கல்.

பதின்மூன்றாம் நூற்றாண்டு அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரின் தொடக்கத்திலேயே அளவை இயலை வைத்திருக்கிறார். கடவுள் உண்டா என்று பேசுமுன், ஒன்று உண்டு என்று எப்படி அறிகிறோம் என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் முறை. காண்டல், கருதல், உரை என்று அளவைகளை மூன்றில் அடக்கி, காண்டலை மறுபடி நான்காகப் பிரிக்கிறார். பொறிகளால் காண்பது ஒன்று, மனத்தால் தெளிவது ஒன்று, யோகியர் காண்பது ஒன்று. இன்ப துன்பங்களை உயிர் தானே அனுபவித்து அறிவது இன்னொன்று. அதற்குத் தன்வேதனைக் காட்சி என்று பெயர். இதை வகுப்பில் நடத்தும்போது பையன்கள் கொட்டாவி விடுவார்கள். பல்வலியை உதாரணம் காட்டினால் கொஞ்சம் விழிப்பார்கள். உன் பல்வலியைப் பார்த்து நான் இரங்கலாம், உன் முகத்தைக் கொண்டு ஊகிக்கலாம், உன் வாய்ச்சொல்லை நம்பலாம். ஆனால் அதை நேராகக் காண்பவன் உலகத்திலேயே நீ ஒருவன்தான்.

ஆய்வுத் திட்டம் இந்தக் காட்சியைத்தான் எண்ணாக்கப் பார்க்கிறது. பெரியவர்களுக்கு 100 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு கோடு தருகிறார்கள். இடது முனை வலியே இல்லை, வலது முனை நினைத்துப் பார்க்கக்கூடிய மிகக் கொடிய வலி. நடுவில் எங்காவது ஒரு குறுக்குக்கோடு போட வேண்டும். பிறகு ஸ்கேல் வைத்து அளந்துகொள்வார்கள். குழந்தைகளுக்கு ஆறு முகங்கள் வரைந்த அட்டை: ஒரு கோடியில் சிரிக்கும் முகம், மறு கோடியில் கண்ணீர் வடிக்கும் முகம். “உனக்கு எப்படி இருந்துச்சு, தொட்டுக் காட்டு” என்றால் தொட வேண்டும்.

அந்த ஜெல்லை நானும் தடவிப் பார்க்க வேண்டும் என்று மாணவியிடம் கேட்டேன். “சார், நீங்களா?” என்றது அந்தப் பெண். பிறகு பஞ்சு சுற்றிய குச்சியில் தொட்டு, அண்ணத்தின் ஒரு பக்கத்தைத் துடைத்து உலர வைத்துத் தடவியது. முதலில் தித்திப்பு, பின்னாலேயே கசப்பு. எச்சிலோடு வழிந்து நாக்கின் ஓரம் மரத்தது, தொண்டைக்குள் என்னவோ வீங்கினாற்போல இருந்தது. அது வீக்கமில்லை, உணர்ச்சி போனதுதான் என்று தெரிந்தும் விழுங்கிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கூர்முனைக் கருவியால் இரண்டு பக்கமும் குத்திவிட்டு அந்தப் பெண் கோட்டை நீட்டியபோது பேனாவை வைத்துக்கொண்டு முழித்தேன். வலது முனையில் எதை வைப்பது? சிறுநீரகக் கல் வந்த ராத்திரியை வைத்தால் இந்தக் குத்து கோட்டில் ஏறவே ஏறாது. அப்படி ஒரு ராத்திரி வாய்க்காதவருக்கு இதே குத்து கோட்டின் பாதியைப் பிடிக்கும். ஒவ்வொருவரும் தத்தம் வாழ்க்கையை வைத்து அளந்துவிட்டு ஒரே ஸ்கேலில் படித்துக்கொள்கிறார்கள்.

முகங்களிலும் தகராறு உண்டு. கண்ணில் நீர் கட்டி நிற்கிற பையன் சிரிக்கும் முகத்தைத் தொடுவானாம். பக்கத்தில் அப்பா நின்றால் அதுதான் பதில் என்றது மாணவி. உரை அளவைக்கு நம்பத்தக்கவர் வாக்கு வேண்டும் என்று சாத்திரம் சொல்லும். அங்கே நம்பத்தக்கவர் இறைவன். இங்கே ஆறு வயதுப் பொடியன், அவனை விட்டால் வேறு சாட்சியும் இல்லை. இந்தத் தலைகீழ் மாற்றம் எனக்குப் பிடித்திருக்கிறது. குறைபாடான கருவிதான் என்றாலும், டாக்டர் தன் கண்ணால் பார்த்து ‘இவனுக்கு வலிக்கவில்லை’ என்று எழுதுவதைவிட நூறு மடங்கு நேர்மையானது.

ஆக, பயன் என்ற சொல்லுக்கு அந்தத் திட்டத்தில் இடம் உண்டு. பாதுகாப்புக்கு இல்லை என்றேன். மருந்தியல் பேராசிரியர் நிமிர்ந்து பார்த்தார்.

வலி போனதை அனுபவிக்கிறவர் உள்ளிருந்து அறிவார். ஆபத்தை அப்படி அறிய முடியாது. பென்சோகெய்ன் என்ற மரப்பு மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 20 சதவீத ஜெல்லாக ஈறில் தடவுவது வழக்கம். அரிதாகச் சிலருக்கு அது இரத்தத்துக்குள் போய், அங்கிருக்கும் இரும்பை ஆக்சிஜன் சுமக்க முடியாத நிலைக்கு மாற்றிவிடுகிறது. உதடு நீலம் பாயும், இரத்தம் சாக்லேட் நிறத்துக்கு வரும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் இதில் கைகொடுக்காது, நிலைமை எவ்வளவு மோசமானாலும் 85 பக்கத்தில் தங்கிவிடுவது அதன் இயல்பு. மெத்திலீன் புளூ என்ற மாற்று மருந்து இருக்கிறது, யாராவது கண்டுபிடித்துக் கொடுத்தால். இந்தப் பென்சோகெய்ன் நேற்று வந்ததல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து விற்பனையில் இருக்கிறது. பல் முளைக்கும் கைக்குழந்தைகளின் ஈறில் தலைமுறை தலைமுறையாகத் தடவியிருக்கிறார்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அதை விற்கவே வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொன்னது 2018இல். 1971 முதல் 400க்கு மேற்பட்ட பாதிப்புகள் பதிவாகியிருந்தன. அதற்கு நாலு ஆண்டு முன்னால், 2014இல், லிடோகெய்ன் என்ற இன்னொரு மரப்பு மருந்தின், வாயில் தடவும் கெட்டியான திரவத்தைப் பல் முளைக்கும் வலிக்குக் கொடுக்கக் கூடாது என்று எச்சரித்திருந்தார்கள். கோடிக்கணக்கானவர்களிடையே சிதறிக் கிடந்த சில நூறு பேரை ஒன்று சேர்த்துப் பார்க்க அத்தனை காலம் ஆகியிருக்கிறது.

மருந்து பெறும் 30 குழந்தைகளில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அதனால் என்ன நிரூபணமாகும்? புள்ளியியலில் ஒரு சுருக்கு வழி இருக்கிறது. பார்த்த எண்ணிக்கையால் மூன்றை வகுக்க வேண்டும். 30 பேரில் தீங்கு பூஜ்யம் என்றாலும், உண்மையில் 100க்கு 10 பேர் வரை பாதிக்கப்படக்கூடும் என்பதை 95 சதவீத உறுதியோடு மறுக்க முடியாது. பத்தில் ஒரு குழந்தைக்கு ஆபத்து வரலாம் என்கிற நிலையை யாராவது பாதுகாப்பு என்பார்களா? நான் கேட்டபோது குழுவின் புள்ளியியல்காரர் தலையாட்டிக்கொண்டார். தத்துவக்காரன் வாயிலிருந்து இது வந்ததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தமும் இருந்திருக்கும்.

இன்னொன்று, ‘தடவுவதுதானே’ என்கிற அலட்சியம். ஊசியில் போகும் லிடோகெய்ன் 2 சதவீதம். தடவும் களிம்பு 5 சதவீதம், ஸ்பிரே 10 சதவீதம். ஒரு அழுத்துக்கு 10 மில்லிகிராம். குழந்தையின் எடையில் கிலோவுக்கு 4.4 மில்லிகிராம் என்பது பல் டாக்டர்கள் வழக்கமாக வைத்துக்கொள்ளும் எல்லை. 15 கிலோ குழந்தைக்கு 66 மில்லிகிராம். ஆறு அழுத்தில் 60 வந்துவிடுகிறது. பின்னால் போடும் 1.8 மில்லி ஊசியில் 36. தடவியது முழுவதும் உடம்பில் ஏறாதுதான். ஆனால் எவ்வளவு ஏறும் என்று தெரியாத ஒன்றைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடுவது எந்த நியாயம்? அந்தத் திட்டத்தில் ஜெல்லின் அளவு ‘போதிய அளவு’ என்று எழுதியிருந்தது. ‘இத்தனை கிராம்’ என்று எழுதும்வரை கையெழுத்து இல்லை என்று பேராசிரியரே சொல்லிவிட்டார்.

“முதலில் தன் மேல் சோதித்துப் பார்க்கட்டுமே, பழைய டாக்டர்கள் எல்லாம் அப்படித்தானே?” என்றார் வழக்கறிஞர். இந்தத் துறையின் வரலாறு முழுக்க அப்படித்தான், மறுக்கவில்லை. 1884இல் வியன்னாவில் கார்ல் கோலர் தவளைக் கண்ணிலும் முயல், நாய்க் கண்ணிலும் கொகெய்ன் சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு, தன் கண்ணில் விட்டுக்கொண்டு குண்டூசியால் தொட்டுப் பார்த்தார். அதே ஆண்டு நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் கொகெய்னைக் கீழ்த்தாடை நரம்பருகே செலுத்தித் தாடையை மரக்க வைக்கலாம் என்று கண்டார். இன்றும் கீழ்ப்பல்லுக்கு அதே நரம்பருகில்தான் ஊசி. தம்மீதும் சகாக்கள்மீதும் மாணவர்கள்மீதும் போட்டுப் பார்த்ததில் ஹால்ஸ்டெட் கொகெய்னுக்கு அடிமையானார். அதிலிருந்து மீட்க மார்ஃபின் கொடுத்தார்கள், பிறகு அதை விட முடியாமல் போயிற்று. 1922இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் அவரை அழைத்துக் கௌரவித்தது. அதே ஆண்டு இறந்தார். ஸ்டாக்ஹோமில் ஹோல்கர் எர்ட்மன் 1935இல் ஆய்வுக்கூடத்தில் செய்த ஒரு சேர்மத்தை நாக்கில் வைத்துப் பார்த்தார், நாக்கு மரத்தது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போன நில்ஸ் லோஃப்கிரென் 1943இல் கண்டதுதான் லிடோகெய்ன், நம் ஊர்க் குப்பிகளில் லிக்னோகெய்ன். அவருடைய இளம் சகா பெங்ட் லுண்ட்க்விஸ்ட் அதைத் தன் உடம்பில் தானே ஊசி போட்டுச் சோதித்தார்.

இவர்களை நான் வணங்குகிறேன். ஆனால் ஒரு இளைஞர் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டு பிழைத்ததால் அந்த மருந்து ஆறு வயதுக் குழந்தைக்கு ஆகும் என்று ஆகிவிடாது. ஒருவர் அனுபவம் ஒருவருக்குத்தான் அளவை. ஹால்ஸ்டெட்டுக்கு வந்த கேடு அவர் கண்ணுக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. தன்னைச் சோதிப்பதால் அறிவு அதிகம் வளராது, வேறொன்று கிடைக்கிறது. பிறர் உடம்பைக் கேட்கிறவர் தன் உடம்பை ஒளித்துவைக்கவில்லை என்கிற தகுதி அது. 1947இல் நாஜி மருத்துவர்களைத் தண்டித்த நீதிமன்றம் வகுத்த நியூரம்பெர்க் விதிகளில் ஐந்தாவது, சாவோ ஊனமோ வரும் என்று தெரிந்த சோதனையைத் தடுக்கிறது. சோதிக்கும் மருத்துவரே சோதனைக்கு உட்படும் இடத்துக்கு மட்டும் ‘ஒருவேளை’ என்று ஒரு வாசலைத் திறந்து வைத்தது. அந்த ‘ஒருவேளை’ அறத்துக்கு விட்ட வாசல், அறிவுக்கு விட்டதல்ல என்று நான் வாதிட்டேன். மாணவி தன் அண்ணத்தில் தடவிக் குத்திக்கொண்டிருந்தால் எனக்கு அவள்மேல் மதிப்பு கூடும். ஜெல்மேல் கூடாது.

எங்கள் குழுவின் பொதுமனிதர் தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், என்னைவிடத் தீவிரமான சைவர். இடைவேளையில் காபிக் கோப்பையோடு வந்து நின்றார். “சார், நுகர்வினையை அனுபவிச்சுத்தானே தீர்க்கணும்? ஜெல் தடவி ஏமாத்தினா அது விட்டுடுமா?” கிண்டல்தான், ஆனால் அடியில் நிஜக் கேள்வி இருந்தது. சூலை நோயில் துடித்து வந்த நாவுக்கரசரிடம் தமக்கை திலகவதியார் ‘உன் வினை, அனுபவி’ என்று கதவைச் சாத்தவில்லை. திருநீறு கொடுத்துத் திருவதிகைக் கோயிலுக்குக் கூட்டிப் போனார். வினை வலியாக வருமென்றால் வலியைத் தீர்க்கும் கையாகவும் வரும். பிறர் வினையைச் சாக்குச் சொல்லிக் கையை மடக்கிக்கொள்பவர் தன் கணக்கில் புதிதாகச் சேரும் ஏறுவினையைத்தான் கூட்டிக்கொள்கிறார் என்றேன்.

சொல்லி முடித்ததும் அவர் பிடித்துக்கொண்டார். “அப்போ மருந்தில்லாத ஜெல்லைத் தடவி அந்த 30 புள்ளைங்களுக்கு ஊசி போடறது யார் கணக்குல ஏறும்?”

நல்ல அடி. தடவும் டாக்டருக்கு எது மருந்து என்று தெரியாது; கை செய்கிறது, மனம் அறியாது. பாலி நூல்களில் உபாலி சுத்தா என்று ஓர் உரையாடல். உடலால் செய்யும் செயலே கனத்தது என்கிறது சமணர் கட்சி, மனத்தின் எண்ணமே கனத்தது என்கிறார் புத்தர். சமணக் கணக்கில் ஊசி பிடித்த கை தப்பாது. புத்தர் கணக்கில் அறியாத டாக்டர் தப்பலாம், ஆனால் பாதிப் பேருக்கு மருந்தில்லை என்று அறிந்தே திட்டம் போட்டவரும், அதைப் படித்துக் கையெழுத்திட்டவரும் மாட்டிக்கொள்வார்கள். எப்படிப் பார்த்தாலும் எங்கள் மேசைக்குத்தான் வந்து சேர்கிறது. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாத ஏற்பாடு ஆய்வைக் காப்பாற்றும், எங்களைக் காப்பாற்றாது.

இப்போது புழங்கும் ஜெல்லோடு புதியதை ஒப்பிட்டால் என்ன, ஒரு குழந்தையும் வெறும் ஜெல்லோடு ஊசி வாங்க வேண்டாமே என்று கேட்டேன். மருந்தியல் பேராசிரியர் சொன்ன பதில் என்னை யோசிக்க வைத்தது. அண்ணத்தில் பழைய ஜெல்லே உருப்படியாக வேலை செய்கிறதா என்பது சந்தேகம். இரண்டும் சமம் என்று முடிவு வந்தால், இரண்டும் நன்று என்பதா, இரண்டும் வீண் என்பதா? வீணான ஒன்றை இன்னும் பல ஆண்டு லட்சம் குழந்தைகளுக்குத் தடவி, “மரத்துப் போச்சு கண்ணு, வலிக்காது” என்று பொய் சொல்லிக்கொண்டிருப்போம். அந்தப் பொய்யும் கொஞ்சம் வலியைக் குறைக்கும் என்பது வேறு விஷயம். வலிக்காது என்று நம்பி வாயைத் திறக்கும் குழந்தைக்கு வெறும் ஜெல்லும் ஓரளவு மருந்துதான்.

வெறும் ஜெல் சோதனையை முதலில் பெரியவர்களிடம் வைத்துக்கொள்வது, அங்கே தேறினால் குழந்தைகளிடம் பழைய ஜெல்லோடு ஒப்பிடுவது என்று கடைசியில் முடிவானது. பெரியவர்கள் என்றதும் ஜூனியர் மாணவர்களைக் கூப்பிடலாம் என்றார்கள். அதையும் விடவில்லை. சீனியர் கேட்டு ஜூனியர் மறுக்கிற கல்லூரி இந்த நாட்டில் எங்கே இருக்கிறது? மாணவர்களையும் எளிதில் வற்புறுத்தப்படக்கூடியவர்களாகத்தான் ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிகள் கருதுகின்றன. வெளியிலிருந்து ஆள் தேடச் சொன்னோம். தலைப்பிலிருந்து பாதுகாப்பு போனது, கண்ட தீங்குகளைப் பட்டியலிடுவது மட்டும் நின்றது.

வயது ஆறிலிருந்து ஏழுக்கு உயர்ந்தது. ஏழு முதல் பன்னிரண்டு வயதுவரை பெற்றோர் கையெழுத்தோடு குழந்தையின் வாய்மொழிச் சம்மதமும் வேண்டும். அதற்குக் கீழே குழந்தையைக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. தன் வலிக்குத் தானே ஒரே சாட்சி என்று ஒரு குழந்தையை ஏற்றுக்கொண்டு, அதன் சம்மதத்தை மட்டும் கேட்காமல் விடுவது எனக்குப் பொருந்தவில்லை.

ஒரு விஷயம் இன்னும் தீரவில்லை. நாற்காலியில் படுத்த குழந்தை வேண்டாமென்றால் இடது கையைத் தூக்கலாம், தூக்கினால் டாக்டர் நிறுத்துவார் என்பது ஏற்பாடு. அப்படி நிறுத்தப்பட்ட குழந்தைகள் முகத்தைத் தொட்டுக் காட்டுவதில்லை. அதனால் கணக்கிலிருந்து விலகிவிடுகிறார்கள். அவர்கள் எத்தனை பேர், எந்த ஜெல் தடவப்பட்டவர்கள் என்பதையும் முடிவுகளோடு அச்சிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். எண்ணிக்கையைச் சொல்லலாம், ஆனால் கை தூக்கியதை வலிக்கு அளவாக எடுத்துக்கொள்ள முடியாது, பயந்துகூடத் தூக்கியிருக்கலாமே என்கிறார் புள்ளியியல்காரர். பயமும் அந்தக் குழந்தை நேராகக் கண்டதுதானே என்று பதில் எழுதியிருக்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு அதை வைத்திருக்கிறார்கள்.